பருத்தி மண்டியில் ஆடிய ஊசல்

ராஜபாளையத்தில் எங்கள் பருத்தி மண்டியின் உத்தரத்திலிருந்து ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நூலின் முனையில் ஒரு சின்ன எடைக்கல். அதைக் கொஞ்சம் இழுத்து விட்டுவிட்டு, அய்யாவின் பாக்கெட் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் எதிரே நின்றேன்.

காலை நேரம். மண்டி அப்போதுதான் திறந்திருந்தது. சுந்தரபாண்டியத்தில் பருத்தி விளைவிக்கும் சம்சாரி ஒருவர் பொதி வண்டிகளை வாசலில் நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முதல் பொதி இன்னும் தராசில் ஏறவில்லை. பருத்திக்கொட்டை வாடையும் சாம்பிராணிப் புகையும் கலந்து வந்தன. அய்யா சாமி படத்தின் முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தார்.

எடைக்கல் ஆடி வந்து, சுவரில் நான் கரித்துண்டால் போட்டிருந்த கோட்டைத் தாண்டியது. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மண்டி முழுக்கக் கேட்கும்படி நான் சொன்னேன்.

"சைபர்."

அய்யா கண்ணைத் திறந்தார். தராசுக்காரர் மாடசாமி சங்கிலியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். சுந்தரபாண்டியத்துக்காரர் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் மூடையே எறக்கல. அதுக்குள்ள சைபர்ங்கான் ஒங்க பய."

"அது அவன் காலேஜுப் பாடம். நீரு எறக்கும்" என்றார் அய்யா.

"பாடமோ என்னமோ. வருசம் முச்சூடும் பாடுபட்டுக் கொண்டாந்த சரக்கு. இன்னொரு நாளைக்கு வாரேன்."

அவர் அந்த வருஷம் இன்னொரு நாள் வரவில்லை. அன்றைக்கே பக்கத்து மண்டிக்குப் போனார். அவருடைய மாட்டுச் சலங்கை அங்கே போய் நிற்கும் சத்தம் எங்களுக்கு நன்றாகவே கேட்டது. அய்யா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

போன வாரம் மதுரை ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள், "சாப்பிட்டது சரி, படித்தது என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. படித்தது பி.ஏ. பௌதிகம். அந்தச் சாம்பாரைவிடக் கொஞ்சம் கெட்டியான விஷயம். மேலே சொன்ன காலை, கடைசி வருஷப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லிக் கல்லூரியில் லீவு விட்டிருந்தபோது நடந்தது. யுத்தம் தொடங்கக் கொஞ்ச காலமே இருந்தது.

லாபம், ரெண்டு, மூணு

சைபர் என்ற ஒரு சொல்லுக்கு வண்டி திரும்பிப் போகுமா என்று பட்டணத்து வாசகர்கள் நினைக்கலாம். அவர்கள் மண்டியில் வளராதவர்கள்.

எங்கள் பக்கத்தில் நிறுக்கிறவரும் அளக்கிறவரும் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். முதல் பொதி ஏறினால் "லாபம்". அதற்கு அடுத்தது "ரெண்டு". அப்புறம் மூன்று, நான்கு என்று போகும். மாடசாமி அதைச் சும்மா சொல்லவும் மாட்டார். அடுத்த பொதி ஏறும்வரை கணக்கு விட்டுப்போகாமலிருக்க, "லாபம், லாபம், லாபமேய்" என்று இழுத்துக்கொண்டே இருப்பார். தெருமுனையில் வருகிறவருக்குக்கூட எங்கள் மண்டியில் எத்தனையாவது பொதி ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

நான் எண்ணக் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல. தவழும் வயதிலேயே பருத்திக் குவியலில் கிடந்து மாடசாமியின் குரலில் கற்றேன். ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் எண்ணச் சொன்னபோது, "லாபம், ரெண்டு" என்று கணீரென்று ஆரம்பித்து முட்டியில் அடி வாங்கினேன். அடி வலித்தது, பழக்கம் போகவில்லை. எங்கள் வீட்டில் இலையில் விழும் முதல் இட்லியும் லாபம்தான்.

எண்ணிக்கையை மங்கலமாகத் தொடங்கவேண்டும் என்று இவ்வளவு பாடுபடுகிற இடத்தில், சாமி கும்பிடுகிற நேரத்தில், முதல் பொதிக்கு முன்னால் ஒருவன் சைபர் என்று கத்தினால் என்ன ஆகும்? கல்யாண வீட்டு வாசலில் நின்று ஒப்பாரி வைத்தாற்போல் ஆகும்.

ஆனால் நான் ஏன் கத்தினேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல, முதலில் சீவில்லிபுத்தூருக்குப் போய்வர வேண்டும்.

உட்கார நாற்காலி எங்கே?

இண்டர்மீடியட் முடிந்ததும் பௌதிகம்தான் படிப்பேன் என்று நான் நின்றேன். அய்யாவுக்குப் படிப்பின்மேல் விரோதம் கிடையாது. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"வக்கீலுக்குப் படிச்சா கோர்ட்டுல நாற்காலி இருக்கு. டாக்டருக்குப் படிச்சா ஆஸ்பத்திரியில இருக்கு. இவன் படிக்கதுக்கு நாற்காலி எங்க போட்டிருக்கான்?"

அதற்குப் பதில் தெரியக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான் இருந்தார். அம்மாவின் தம்பி, சீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். கறுப்புக் கோட்டு போட்டிருந்ததால் எல்லா விஷயமும் தெரிந்தவர் என்று நாங்கள் நம்பினோம். அவரும் அப்படியே நம்பினார்.

மாமா எங்களை அழைத்துக்கொண்டு ஊரில் பெரிய மனிதர் வீடாக ஏறி இறங்கினார். ரத வீதி வக்கீல் ஒருவர், "பௌதிகமா? பேஷ். முடிச்சுட்டு லா காலேஜுக்குப் போகலாம்" என்றார். ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர், "ரொம்ப நல்லது, மேற்கொண்டு எல்.டி. படிச்சா வாத்தியார் ஆகலாம்" என்றார். தாலுகா ஆபீஸ் பெரியவர் ஒருவர், டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டால் பௌதிகம் ஒன்றும் குறுக்கே நிற்காது என்று ஆறுதல் சொன்னார்.

வெயிலில் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மாமா சாரத்தைப் பிழிந்து சொன்னார்.

"அத்தான், எனக்கு வெளங்கிருச்சு. பௌதிகம்ங்கிறது நம்ம விருதுநகர் ஜங்ஷன் மாதிரி. எங்க போறதுன்னாலும் அங்க எறங்கி வேற வண்டி பிடிக்கணும்."

"அங்கயே எறங்குதவன் என்ன செய்வான்?" என்று அய்யா கேட்டார்.

மாமா யோசித்தார். "பிளாட்பாரத்துல இருக்க வேண்டியதுதான்."

ஆனாலும் அய்யா பணம் கட்டினார். இன்றைக்கும் எனக்கு அதில் ஆச்சரியம்தான். கல்லூரிக்கு நான் ரயிலேறிய அன்றைக்கே, தச்சரிடம் சொல்லி ஒரு வேப்பமரத்து முக்காலி செய்து, தராசுக்குப் பக்கத்தில் போட்டாராம். யாரும் அதில் உட்காரக் கூடாது. நான் பிளாட்பாரத்தில் நிற்க நேர்ந்தால் வந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்று முன்னேற்பாடு. இரண்டு வருஷம் மண்டிப் பூனை மட்டும் அதில் படுத்துக் கொழுத்தது.

அந்த முக்காலியை நினைத்தாலே எனக்குப் பயம். அய்யா கெட்டவர் என்பதால் அல்ல. ஒருதரம் உட்கார்ந்துவிட்டால் அதிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். என் மனசோ கல்லூரி இருட்டறையில் கிடந்தது. சுடரில் உப்பைத் தூவி, கண்ணாடிப் பட்டகத்தின் வழியே பார்த்தபோது தெரிந்த மஞ்சள் கோட்டைச் சொல்கிறேன். ஒரு கோடு என்று நினைத்துத் தொலைநோக்குக் குழாயைத் திருகினால் ஒட்டி ஒட்டி இரண்டு கோடு. எங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிற அதே உப்பு. அன்று ஹாஸ்டலுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் ஊர் கனமான ஊர்

சோதனைச்சாலையில் எனக்கு எல்லாம் ஒழுங்காக வந்தது, ஒன்றைத் தவிர. ஊசல் சோதனை. ஊசலை ஆடவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதிலிருந்து பூமி பொருள்களை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே விடை. எனக்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வரும். எத்தனை தரம் செய்தாலும் அதே கூடுதல்.

எங்கள் லெக்சரர் நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"சுப்பையா, உங்க ஊர்ல மாம்பழம் மரத்துலேர்ந்து விழுந்தா தரை பிளந்துடுமோ?" என்பார். வகுப்பு சிரிக்கும். மெல்ல மெல்ல எனக்கு 'கனமான ஊர்க்காரன்' என்று பெயர் வந்தது.

நூலை மாற்றினேன். நூலில் தொங்கும் குண்டை மாற்றினேன். கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் என் அறை நண்பன் ஜேக்கப்தான் கண்டுபிடித்தான். கன்சாபுரத்துப் பையன், அப்பா போலீஸ்காரர். அவனுக்கும் துப்பறியும் புத்தி இருந்தது. பக்கத்தில் நின்று நான் எண்ணுவதைக் கேட்டவன் என் தோளைத் தட்டினான்.

"ஏலே, கடியாரத்த அமுக்கும்போதே லாபம்ங்கியே, அப்ப எத்தன ஆட்டம் முடிஞ்சிருக்கு?"

"ஒண்ணும் முடியல. இப்பதான ஆரம்பிக்கி?"

"பொறவு அடுத்தது வந்ததும் ரெண்டுங்க. ஒண்ணு எங்கலே போச்சு?"

நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். தராசில் முதல் பொதி ஏறியதும் லாபம் என்றால் சரி. ஒரு பொதி ஏறியிருக்கிறது. ஊசலில் நான் லாபம் என்னும்போது ஓர் ஆட்டமும் முடிந்திருக்காது. ஆக நான் இருபது என்று நிறுத்தும்போது ஊசல் ஆடியிருப்பது பத்தொன்பதுதான். நேரம் குறைவாக வரும், பூமி கூடுதலாக இழுப்பதாகத் தெரியும். ஒரு தலைமுறைப் பருத்தி வியாபாரம் என் நாக்கில் உட்கார்ந்துகொண்டு பூமியின் இழுப்பையே ஏற்றிவிட்டிருந்தது.

வியாதி தெரிந்துவிட்டது. மருந்து, சைபர் என்று தொடங்கப் பழகுவது. கேட்க எளிது. கையில் கடிகாரமும் கண்ணெதிரே குண்டும் இருந்தால் நாக்கு தானாக லாபத்துக்குப் போய்விடும். அதனால்தான் லீவில் வீட்டுக்கு வந்ததும், நாக்கு எங்கே கெட்டதோ அங்கேயே அதைத் திருத்துவது என்று, மண்டி உத்தரத்தில் எடைக்கல்லைக் கட்டினேன்.

தீர்ப்பு

வண்டிகள் பக்கத்து மண்டிக்குப் போன அன்று மத்தியானம், சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே அய்யா தீர்ப்புச் சொன்னார்.

"பரீட்சைய எழுது. தேறலைன்னா மறுதடவை கெடையாது. முக்காலி கெடக்கு, வந்து உக்காரு."

"தேறிட்டா?"

"தேறினா அடுத்த பருத்தி வாரதுக்குள்ள ஒரு வேலையச் சொல்லு. இல்லைன்னாலும் முக்காலி கெடக்கு."

அம்மா எனக்கு மோர் ஊற்றிக்கொண்டே, "அந்தப் பாழாப்போன சொல்லு இல்லாம எண்ண முடியாதா ராசா?" என்றாள். முடியாதம்மா என்றேன். பின்னால் அது பொய்யாகிவிட்டது.

சீட்டில் விழுந்தது

செய்முறைப் பரீட்சையில் எந்தச் சோதனை என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். எத்தனையோ சீட்டு கிடந்தது. எனக்கு எது வந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பின்னால் நின்ற ஜேக்கப் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆண்டவரே" என்று முணுமுணுத்தான். அவன் எனக்காக ஜெபம் செய்தது அந்த ஒரு தரம்தான்.

பரீட்சகர் வெளியூர்க்காரர். தலைப்பாகை, மூடிய கழுத்துக் கோட்டு, சிரிப்பே அறியாத முகம். அவர் செருப்புச் சத்தம் வரிசை வரிசையாக வந்து என் மேஜைக்குப் பின்னால் நின்றது. சரியாக அப்போதுதான் நான் ஊசலை விட்டிருந்தேன்.

சைபர், சைபர், சைபர் என்று மனசுக்குள் உருப்போட்டேன். குண்டு கோட்டைத் தாண்டியது. கடிகாரத்தை அமுக்கினேன். என் வாயிலிருந்து வெளியே வந்தது மாடசாமி.

"லாபம்."

முக்காலியும் அதில் படுத்திருந்த பூனையும் கண்ணில் தெரிந்தன. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம் என்றால் அவர் பின்னால் நிற்கிறார். குண்டு எனக்காகக் காத்திருக்குமா? போய், திரும்பி, கோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இன்னொரு கணம் போனால் நாக்கு 'ரெண்டு' என்று சொல்லிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நாக்கைப் பிடித்து இழுத்தேன்.

"ஒண்ணு" என்றேன். பிறகு "ரெண்டு" என்றேன். இருபதுவரை எண்ணிக் கடிகாரத்தை நிறுத்தினேன்.

பரீட்சகர் மெதுவாக இங்கிலீஷை விட்டுத் தமிழுக்கு வந்தார். "வியாபாரம் பண்ற வீடோ?"

"ஆமா சார். ராஜபாளையம். பருத்தி மண்டி."

"லாபத்துக்கு அப்புறம் ரெண்டுன்னுதானே வரணும்? நீ ஒண்ணுன்னு சொன்னியே."

இவருக்கு மண்டிக் கணக்கு தெரிந்திருக்கிறது. அதுவே என்னைப் பாதிக் கொன்றது. "சார், மண்டியில லாபம் சொல்லும்போது தராசுல ஒரு பொதி இருக்கும். இங்க ஊசல் இன்னும் ஒண்ணும் ஆடி முடிக்கல. அதனால லாபத்தை ஆரம்பத்துக்கு வச்சுக்கிட்டு ஒண்ணுலேர்ந்து எண்ணினேன்."

அவர் என் தாளைப் பார்த்தார். ஊசலைப் பார்த்தார். "உம்" என்றார். அடுத்த மேஜைக்குப் போனார். அந்த 'உம்' என்னவென்று ரிசல்ட் வரும்வரை ஜேக்கப்பும் நானும் ஆராய்ச்சி செய்தோம். விடைத்தாளில் அன்று முதல்முறையாக எங்கள் ஊர் மற்ற ஊர்களைப் போலவே கனமாக இருந்தது.

தேறிவிட்டேன்.

பட்டதாரியின் கோடை

தேறிய பிறகுதான் மாமா சொன்ன பிளாட்பாரம் எப்படி இருக்கும் என்று புரிந்தது. விண்ணப்பம் போடாத இடமில்லை. பதில் போட்ட இடமுமில்லை.

தெருவில் மட்டும் எனக்கு ஏகப்பட்ட கிராக்கி. பௌதிகம் என்றால் ரிப்பேர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எரியாத டார்ச் லைட், பாடாத கிராமபோன், நின்றுபோன சுவர்க் கடிகாரம் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்தன. பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசும் மாந்தோப்புக்காரர் தம் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினார். எனக்கு ஒளி எப்படி வளைகிறது என்று தெரியும், கண்ணாடிக் காலை எப்படி வளைப்பது என்று தெரியாது. வளைத்தேன். ஒடிந்தது. அவர் இரண்டு துண்டையும் வாங்கிக்கொண்டு, "பாகுந்தி, நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மரியாதை இன்னும் உறுத்துகிறது.

அடுத்த பருத்திப் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் அய்யா பூனையை விரட்டிவிட்டு முக்காலியைத் துடைத்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் யுத்தம் என்னைக் காப்பாற்றியது. இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனால் நடந்தது அதுதான். என் பழைய கல்லூரியில் சோதனைச்சாலை டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர் வயர்லெஸ் வேலைக்காகப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். மாம்பழ லெக்சரர் அந்த இடத்துக்கு வரச் சொல்லி எனக்குத் தந்தி கொடுத்தார். முதல் பருத்தி வண்டி வரும் வாரத்தில் நான் மதுரைக்கு ரயிலேறினேன். அய்யா ஸ்டேஷனுக்கு வரவில்லை. மண்டியில் வேலை இருக்கிறது என்றார்.

குடையோடு ஒருவர்

சில மாதங்கள் கழித்து, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, சோதனைச்சாலை வாசலில் கக்கத்தில் குடையோடு ஒருவர் நின்றார். அய்யா. நூல் ஆலைக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்றார். நூல் ஆலை ஊரின் மறுகோடியில் இருக்கிறது.

அன்று ஊசல் சோதனை. நீண்ட மேஜைகளில் ஊசல்கள் ஆடின. பையன்கள் கடிகாரத்தை அமுக்கினார்கள். அறை முழுக்கக் குரல் எழுந்தது.

"லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு."

நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன். சைபர் என்று சொல்லுங்கள் என்றால் பாதிப் பேர் மறந்து ஒன்றிலேயே தொடங்கிவிடுவார்கள். லாபம் என்று சொல்லிக்கொடுத்ததிலிருந்து ஒருவனும் தவறவில்லை.

மண்டியில் முதல் பொதி ஏறியதுபோல் அய்யாவின் கை தானாகத் தலைப்பாகைக்குப் போய் அதைச் சரிசெய்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"லாபத்துக்குப் பொறவு ரெண்டுல்லா வரணும்? பயலுக தப்பா எண்ணுதானுக."

"இங்க அப்படித்தான்யா."

"நீ சொன்னதா?"

"ஆமா."

"இம்புட்டுப் பேரும் நீ சொன்னபடியா எண்ணுதானுக?"

"ஆமாய்யா."

அவர் ஒரு பித்தளைக் குண்டைக் கையிலெடுத்து எடை பார்த்தார், பழக்கதோஷம். மேஜைமேல் பத்திரமாக வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

மீதிக் கதையை அடுத்த லீவில் அம்மா சொன்னாள். அய்யா ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை, அதே சுந்தரபாண்டியத்துச் சம்சாரி மண்டிக்கு வந்திருக்கிறார்.

"எங்க அண்ணாச்சி, அந்த சைபர் பய? இன்னும் மண்டிக்கு வரலையா?"

"அவனுக்கு மதுரையில தனி மண்டி இருக்குய்யா. பெரிய மண்டி. அத்தன பேரு நின்னு எண்ணுதானுக, எடுத்ததும் லாபம்தான். சரக்கு என்னன்னுதான் எனக்கு வெளங்கல."

முதல் பொதி ஏறியது. மாடசாமி குரலெடுக்க வாயைத் திறந்தார். அய்யா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பூனையைத் தூக்கிக் கீழே விட்டார். முக்காலியைக் காலால் மாடசாமி பக்கம் நகர்த்தினார்.

"நீ உக்காந்துக்கோ. அவன் வரமாட்டான்."

மாடசாமி உட்கார்ந்து பார்த்தாராம். உட்கார்ந்தால் குரல் வரவில்லை என்று எழுந்து நின்றுகொண்டாராம்.

பூனை மறுபடி ஏறிப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அய்யா அதை விரட்டவே இல்லை என்றாள் அம்மா.